தையற்காரர் எழுதாத கடிதம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து வயிறு சரியில்லை. நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. நேற்று நாலு மணிக்கு அலுவலகத்தில் 'த' வரிசை முடிந்தது. இன்று 'ந' தொடங்குகிறது. அதுதான் காரணம்.

பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதத்தான் இந்த நோட்டைத் திறந்தேன். எழுதியாயிற்று. பயம் போகவில்லை.

மார்ச் 5, புதன்

தலையும் வாலும் புரியாமல் பயப்படுவதைவிட வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நம் பேச்சில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்களுக்கு ஓர் அகராதி. இருபத்தாறு வருடமாக என் பிழைப்பு அதில்தான். பஸ், செட், லூஸ் மாதிரி. டிமிக்கி போல ஆங்கிலமாகத் தோன்றி ஏமாற்றுகிற சொற்கள் வேறு. ஒரு சொல் எங்கே பிறந்தது, ஆங்கிலத்தில் என்னென்ன பொருள், நம்மிடம் வந்து என்னென்ன ஆயிற்று, முதலில் எந்தத் தாளில் அதை எழுதினார்கள் என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். ஒரு பொருளுக்கு ஓர் அட்டை. அட்டையின் அடியில் இரண்டு கையெழுத்து. இடப்பக்கம் 'எழுதினேன்', வலப்பக்கம் 'கண்டேன்'. எழுதியவர் ஒருவர். மூலத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தவர் இன்னொருவர். காதால் கேட்டது எங்களிடம் செல்லாது.

இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. எல்லா அட்டைகளையும் மூலத்தோடு மறுபடி ஒப்பிடுகிறார்கள். அதற்கென்று வந்திருக்கும் பெண்ணுக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் சல்லடை. முப்பது வயதுகூட இருக்காது. இடக்கையில் அட்டை, வலக்கையில் மூலம், உதடு அசைய ஒப்பிடுவாள். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தாலும் தப்பாது. ஆனால் கடுகடுப்பு கிடையாது. 'சார், சார்' என்று அவ்வளவு பிரியமாகப் பேசுவாள். கடுகடுப்பாக இருந்தால்கூட நான் இவ்வளவு நடுங்கமாட்டேன்.

'ந' வரிசையின் கடைசிப் பகுதியில் 'நைஸ்' வருகிறது. அதற்கு ஒன்பது அட்டை. எட்டுக்கு மூலம் உண்டு.

மார்ச் 7, வெள்ளி

நம்பர், நர்ஸ் இரண்டும் முடிந்தன. சல்லடை ஒரு நாளைக்கு இருபது அட்டை பார்க்கிறாள். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பாழாய்ப்போன சொல்லின் கதை எனக்கு மனப்பாடம். லத்தீனில் அதன் பொருள் 'அறியாதவன்'. பிரெஞ்சில் 'மடையன்'. ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் மடையன்தான். பிறகு கூச்சக்காரன் ஆயிற்று, பிறகு எதிலும் நொட்டை சொல்கிறவன், பிறகு மயிரிழை வித்தியாசத்தையும் விடாமல் பார்க்கிறவன். கடைசியில்தான் 'இனியது', 'நல்லது'. மடையனாகப் பிறந்து நல்லவன் என்று பெயரெடுத்த சொல். எனக்கு அதற்குத் தலைகீழாக நடக்கப்போகிறது.

நம்மிடம் வந்ததும் அது சும்மா இருக்கவில்லை. பொடி நைஸாக இருக்கும். துணி நைஸாக இருக்கும். குழந்தை தூங்கும்போது கதவை நைஸாகச் சாத்தலாம். மேலதிகாரியிடம் நைஸாகப் பேசி விடுமுறை வாங்கலாம். மூட்டை தூக்கும் வேலை வந்தால் நைஸாக நழுவலாம்.

மாதம் தவறாமல் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எழுதுவார். நைந்த துணி மெத்தென்று இருக்கும், ஆகவே 'நைதல்' என்ற நம் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் அடித்துக்கொண்டு போனான் என்பது அவர் கட்சி. பதில் போடுவது நான். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஆதாரம் இருப்பின் அனுப்பி உதவவும்.' ஆதாரம் கேட்கிறவன் யார் பார்.

மார்ச் 10, திங்கள்

எழுதித் தொலைக்கிறேன்.

பத்தொன்பது வருடம் முன்பு. முதல் பதிப்பு, 'ந' வரிசை மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். மென்மை என்ற பொருள் எப்படித் தந்திரம் என்று ஆயிற்று? அந்த ஒரு கண்ணி மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. அன்று மாலை மனைவி தன் தையற்கடையில் வழவழவென்ற துணி ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தாள். மேசையிலிருந்து அது சரிந்துகொண்டே இருந்தது. "சனியன், எவ்வளவு நைஸா நழுவுது பாருங்க. எங்கண்ணன் மாதிரி. வேலைன்னா கையில நிக்குதா?" என்றாள். அந்த வாரம் நாங்கள் வீடு மாறினோம். அவள் அண்ணன் அலமாரி தூக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போயிருந்தார்.

விடை கையில் விழுந்துவிட்டது. ஆனால் பேச்சு. தாளில் இல்லை. அட்டையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

நான் ஒரு தையற்காரரை உண்டாக்கினேன். எண்பது வருடம் முன்பு வாழ்ந்தவர். அவர் தம்பிக்கு எழுதிய கடிதம். 'அச்சரக்கு வெகு நைஸ். கையில் நில்லாது நழுவுகிறது. நம் மைத்துனரும் அவ்வாறே நைஸாக நழுவிவிட்டார்.' மூலம் என்ற இடத்தில் 'தனியார் வசமுள்ள கடிதம்' என்று எழுதினேன். மறுநாள் அட்டையை எடுத்துக்கொண்டு மூல அறைக்குப் போனேன். மூலங்களைக் காப்பது அக்கா. உறவு இல்லை, அலுவலகம் முழுக்க அவருக்கு அக்கா என்றுதான் பெயர். 'கண்டேன்' கையெழுத்து பெரும்பாலும் அவருடையது.

"லெட்டர் எங்க தம்பி?"

"வீட்ல இருக்குக்கா. திங்கக்கிழமை கொண்டாந்து தர்றேன்."

"சரி" என்று போட்டுக் கொடுத்தார். அச்சகத்தார் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஆயிரத்துக்குப் பக்கத்தில் திங்கட்கிழமைகள் வந்துபோய்விட்டன.

சும்மா கிடந்திருந்தால் பரவாயில்லை. அந்த வரி ஓடிற்று. பத்திரிகைகளில் வந்தது. பள்ளிப் பாடநூலில் கட்டம் கட்டிப் போட்டார்கள். இருபத்தாறு வருடம் மாங்கு மாங்கென்று வேலை பார்த்தேன். நான் எழுதியதில் ஊருக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான்.

மார்ச் 11, செவ்வாய்

நிப், நெக்லஸ், நெட். பசி இல்லை.

மார்ச் 13, வியாழன்

சல்லடை என் மேசைக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நைஸ், சார்."

"அப்படியா?" என்றேன். நாள் எண்ணிக்கொண்டிருக்கிறவன் கேட்கிற கேள்வியா இது?

"அந்தத் தையற்காரர் வரின்னா எனக்கு உயிர் சார். ஸ்கூல் புக்குல படிச்சேன். இந்த வேலைக்கு வரணும்னு தோணினதே அதைப் படிச்சுட்டுத்தான். அந்த லெட்டரை ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துடணும். மேடம்கிட்டயும் கேட்டுட்டேன், புதுப் பதிப்போட முகப்புல அதையே படமா போடலாம்னு. சரின்னுட்டாங்க. எங்க சார் இருக்கு அது?"

மேடம் என்றால் எங்கள் பொறுப்பாசிரியர். முகப்பில். படமாக.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டில் தேடிப் பார்க்கிறேன் என்று இழுத்திருக்கலாம். வாயைத் திறந்தேன், வந்தது இதுதான்:

"அக்காகிட்ட இருக்கும்."

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன். ஏன்டா அப்படிச் சொன்னே? ஏன்டா?

மார்ச் 14, வெள்ளி

மூல அறையில் அக்கா நாற்காலி போட்டு ஏறி நின்று மேல் தட்டுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். கீழே நின்று வாங்கி வைத்தேன். வேறென்ன செய்வது?

"அக்கா, அது எங்கிட்டதான் இருந்துச்சோ என்னவோ. எனக்குச் சரியா ஞாபகம் இல்ல..."

"இல்ல தம்பி. நீ கொண்டாந்து குடுத்துட்டே. நான் பாத்தேனே. நீல மை. ஒரு ஓரம் கிழிஞ்சிருக்கும். நாலா மடிச்சிருந்தது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மை நிறம் எழுதவே இல்லை. அட்டையில் அது கிடையாது. எங்கும் கிடையாது. பத்தொன்பது வருடமாக அந்த வரியைக் கேட்டுக் கேட்டு அக்காவே ஒரு தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டுவிட்டார்.

முப்பத்தொரு வருடத்தில் ஒரு துண்டுச் சீட்டு தொலைந்ததில்லை என்பது அவருடைய பெருமை. இந்த ஜூனோடு ஓய்வு.

மார்ச் 15, சனி

விடுமுறை. மனைவி கடைக்குப் போனதும் பரண் மேலிருந்து பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். அந்த வருடத்து நோட்டு இருக்கிறது. அந்தத் தேதி இருக்கிறது. கடிதத்தின் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். முதலில் 'மாமனார்'. அடித்துவிட்டு 'பங்காளி'. அதையும் அடித்துவிட்டு 'மைத்துனர்'. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'சரக்கு, வெகு — இரண்டும் பழைய வாடை தரும்.' எவ்வளவு ரசித்துச் செய்திருக்கிறேன் பாவி.

பக்கத்தைக் கிழிக்கலாம் என்று விரலை வைத்தேன். கிழிக்கவில்லை.

வேறொன்று தோன்றிற்று. எழுதவே கூசுகிறது. அலுவலகத்தில் கணக்கில் வராத பழைய வெற்றுத் தாள்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, கட்டுப் பிரித்த புத்தகங்களிலிருந்து எடுத்தவை. நீல மை. ஒரு ஓரம் கிழிசல். நாலாக மடித்து ஏதாவது பெட்டிக்குள் செருகினால் போதும். அக்கா பார்த்ததும் 'இதேதான்' என்று துள்ளுவார். சல்லடைக்கு சந்தோஷம். முகப்பில் படம். எல்லாருக்கும் நிம்மதி.

வெள்ளைத் தாளில் ஒத்திகை பார்த்தேன். நாலு வார்த்தைக்குள் கை உதறி எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. நேர்மையால் விட்டேன் என்று இங்கே எழுத முடியாது. கை ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான்.

மனைவி திரும்பி வந்து, "என்னத்தை உருட்டிக்கிட்டிருந்தீங்க? முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். தூசி என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். 'மூலம் காணவில்லை' என்று தலைப்பு. கீழே வரிசை எண் ஒன்று. இரண்டு கிடையாது. நைஸ், எட்டாம் பொருள், கண்டவர் — அக்காவின் முழுப் பெயர். 'எழுதினேன்' போட்டவன் பெயர் அதில் இல்லை. படிவம் அப்படி.

சல்லடை என்னிடம் வந்து கண் கலங்கினாள். "நான் கேக்காம இருந்திருக்கலாம் சார்" என்றாள். அவளுக்கு நான் ஆறுதல் சொன்னேன். நான்!

மாலையில் அக்கா அறையைப் பூட்டினார். படி இறங்கினார். திரும்ப ஏறிப் பூட்டை இழுத்துப் பார்த்தார். இறங்கினார். மறுபடி ஏறினார். மூன்றாவது தடவை நான் கீழே நிற்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது தம்பி. முதல்ல பூட்டு. அப்புறம் அடுப்பு. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க."

மார்ச் 19, புதன்

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

இன்றும்.

மதியம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஞாபக மறதிக்குச் சோதனை செய்கிற டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறாராம்.

"தனியா போகப் பயமா இருக்கு. வீட்ல சொன்னா எல்லாரும் பதறுவாங்க. நீ கூட வர்றியா?"

வருகிறேன் என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பொய் சொல்லவும் யோசிப்பதில்லை, கூட வரவும் யோசிப்பதில்லை. நான் எப்படிப்பட்ட ஆள்?

மார்ச் 22, சனி

மனைவியிடம் சொல்லிவிட்டேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு கேட்டாள். ஊசியில் நூலைக் கோத்தபடியே கேட்டாள். நான் முடித்ததும் நூல் நுனியில் முடிச்சுப் போட்டாள்.

"அது நான் சொன்னதுதானே?"

"ஆமா."

"அப்ப எம்பேரைப் போட்டிருக்கலாமே. செத்துப்போன ஒரு தையக்காரன் எதுக்கு? உசிரோட ஒருத்தி பக்கத்துல நின்னேனே."

விதி அப்படி, பேச்சு செல்லாது என்றேன். "உங்க விதியில தீயை வைக்க" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "வேலை போனா போவுது. அந்தம்மா பைத்தியம் புடிச்சு உக்காந்துடப் போறாங்க. திங்கக்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கிட்டுப் போங்க."

எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. "தெரியுமே. எப்பப் பயப்படாம இருந்தீங்க?" என்றாள்.

மார்ச் 24, திங்கள்

ஆஸ்பத்திரித் தாழ்வாரம். ஒன்றோடொன்று சேர்த்துத் திருகிய பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்கள் டோக்கன் பதினாலு. உள்ளே பதினொன்று போய்க்கொண்டிருந்தது.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "டாக்டர் பேரெல்லாம் கேப்பாராம். நம்ம ஆபீஸ்ல இருக்கற ஒன்பது பேர் பேரையும் எழுதி மனப்பாடம் பண்ணிட்டேன். நீ பாத்துக்க, நான் சொல்றேன்" என்று தாளை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஐந்தாவதாக என் பெயர்.

பன்னிரண்டு உள்ளே போயிற்று.

"அக்கா, லெட்டர்னு ஒண்ணு கிடையாது."

"தெரியும் தம்பி. தொலைச்சுட்டேன்."

"நீங்க தொலைக்கல. இருந்தாத்தானே தொலைக்க? நான் எழுதினது. நானே இட்டுக்கட்டினது."

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "எனக்காகப் பழியைத் தலையில போட்டுக்காதே. உனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு. நான் பாத்தேம்ப்பா. நீல மை."

நோட்டைப் பிரித்து மடியில் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டார். மாமனார், அடித்தது. பங்காளி, அடித்தது. மைத்துனர். விரலை வரி மேல் வைத்து, மூலத்தை ஒப்பிடும்போது எப்படிப் படிப்பாரோ அப்படிப் படித்தார். முடித்ததும் மேலே போய்த் தேதியைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பதின்மூன்று உள்ளே போனதே எனக்குத் தெரியவில்லை.

"அப்ப நான் பாத்தது எது?"

"நீங்க எதையும் பாக்கலக்கா. நான் சொன்னேன். நம்பிப் போட்டீங்க."

"மடிச்சிருந்ததே."

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"பத்து நாளா நான் தூங்கலடா" என்றார். என்னை அவர் 'டா' போட்டதே இல்லை. "நாற்காலி மேல ஏறி நின்னப்ப நீ கீழ நின்னு பெட்டி வாங்கினியே. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

பதினாலு என்று கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். "நீ வர வேணாம்" என்றார். நோட்டை என் கையில் திணித்தார். "இதை மேடம்கிட்ட குடு. நீயே குடு. நான் சொல்லமாட்டேன்."

உள்ளே போனவர் அரைமணி கழித்து வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்க எழுந்தேன். என் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போய்விட்டார். ஒன்பது பேர் பெயர் எழுதிய தாள் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

பொறுப்பாசிரியர் அறை. அட்டையையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் படித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் மேடம்."

"நீங்க எழுதின அட்டை மொத்தம் எத்தனை?"

"ரெண்டாயிரத்து முந்நூத்துப் பதினாறு."

"மத்ததெல்லாம் சரின்னு நான் எப்படி நம்பறது? நீங்களே சொல்லுங்க. இருபத்தாறு வருஷம் இதைப் பாத்தவர் நீங்க. மூலம் இல்லாம ஓர் அட்டையை ஒருத்தர் நீட்டினா நம்புவீங்களா?"

"மாட்டேன்" என்றேன்.

வெளியே வந்தபோது சல்லடை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. "நல்ல வரி சார் அது" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 28, வெள்ளி

வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். காத்திருக்கிறேன். தொலைபேசி அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. அடிக்காவிட்டாலும்.

ஏப்ரல் 2, புதன்

முடிவு வந்தது. வேலை இருக்கிறது. புதுப் பதிப்பின் ஆசிரியர் குழுவில் என் பெயர் இராது. இனி அட்டை எழுதக் கூடாது. நான் எழுதிய அத்தனை அட்டையும் 'அ'விலிருந்து மறுபடி பார்க்கப்படும். மூலங்களைத் தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலை.

பார்க்கப்போவது யார் என்று பேச்சு வந்ததாம். சல்லடைக்குக் கொடுக்கலாம் என்றாராம் மேடம். அக்கா எழுந்து, "கையெழுத்து என்னுது. நானே பாக்கறேன்" என்றாராம். ஓய்வை டிசம்பர் வரை தள்ளிவைத்திருக்கிறார்கள்.

அவருக்கு மறதி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சல்லடை சொல்லித்தான் தெரிந்தது. மனைவியிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 17, வியாழன்

புதுப் பயம் ஒன்று வந்திருக்கிறது. ஒன்றுதான் என்று மேடத்திடம் அடித்துச் சொன்னேனே, அது உண்மையா? அக்கா இல்லாத கடிதத்தைப் பார்த்தார். நான் செய்த வேறொன்றை மறந்திருந்தால்?

இன்று 'ஐஸ்' வந்தது. ஒருவருக்கு ஐஸ் வைப்பது என்ற பொருளுக்கு மூலம் ஒரு வார இதழ், பக்கம் பதினேழு. தட்டில் அந்த இதழ் இல்லை. நான் தேடினேன். அக்கா மேசையில் கையைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு மணி நேரம். ஒன்றரை. இதையும் நான்தான் கட்டிவிட்டேனோ என்று நம்பவே ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் வேறு வருடத்துத் தொகுப்பில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பக்கம் பதினேழு. அந்த வரி இருந்தது. கொண்டுபோய் வைத்தேன். படித்தார். தேதி பார்த்தார். கையெழுத்திட்டார்.

வேலை தொடர்பாக மட்டும் பேசுகிறார். 'அடுத்தது.' 'இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேணும்.' அவ்வளவுதான். தம்பி என்று கூப்பிடுவதில்லை.

மே 9, வெள்ளி

'நைஸ்' எட்டாம் பொருளின் அச்சுப்படி வந்தது. 'தந்திரமாக. இப்பொருள் தோன்றிய விதம் தெரியவில்லை.' அதன் கதையை நாலே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். படித்தபோது உடம்பே லேசாயிற்று.

ஜூன் 12, வியாழன்

இன்று முப்பத்தொரு அட்டை. 'செட்' தொடங்கியிருக்கிறோம். அது ஒன்றுக்கே நாற்பத்துநாலு, நாளையும் ஓடும். அக்கா எல்லாவற்றையும் மூலத்தோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார். ஓர் இடத்தில் பக்க எண் தப்பாக இருந்தது. திருத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மதியம் எல்லாரும் சாப்பாட்டு அறைக்குப் போய்விட்டார்கள். நான் முன்பே பின்பக்கம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து அடுத்த கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர் தலை நிமிராமல் கேட்டார்.

"சாப்டியா?"

இரண்டரை மாதத்தில் வேலைக்கு வெளியே கேட்ட முதல் கேள்வி.

"சாப்ட்டேங்க்கா."

"டப்பாவைக் காட்டு."

பையிலிருந்து எடுத்து, மூடியைத் திறந்து மேசை மேல் வைத்தேன். எட்டிப் பார்த்தார். பிறகு அடுத்த அட்டையை எடுத்தார்.